குவாட் பைக் செல்ஃப் எடுக்கவில்லையா? தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நத்தம் மாந்தோப்பு, சோழவந்தான் தென்னந்தோப்பு, சிறுமலை அடிவாரத்துப் பண்ணை வீடு என்று மதுரையைச் சுற்றி அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு சக்கர குவாட் பைக்குகள் நிற்கின்றன. பிள்ளைகள் ஓட்டும் 110 சிசி, 125 சிசி சீன வண்டியிலிருந்து உரமூட்டை இழுக்கும் 500 சிசி வரை எல்லா அளவும் உண்டு. பழுது என்று வந்தால் பெரும்பாலும் பக்கத்து ஊர் பைக் மெக்கானிக்கிடமோ டிராக்டர் எலெக்ட்ரீஷியனிடமோதான் போக வேண்டியிருக்கிறது. "வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, கரண்ட் பக்கம்தான் கோளாறு மாதிரி தெரிகிறது" என்ற ஒரு புகாருக்கு மட்டுமே இந்தக் கேள்வி பதில். கார்புரேட்டர் அடைப்பு, வால்வு வேலை எல்லாம் போகிற போக்கில்தான் வரும்.

பட்டனை அமுக்கினால் வண்டி எடுக்கவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

காதிலிருந்து. பட்டனை அமுக்கும்போது வரும் சத்தத்தை வைத்தே பாதி வேலையை முடித்துவிடலாம்.

சத்தமே இல்லையா? பெரும்பாலும் ஸ்டார்ட்டர் ரிலே (பட்டனின் சின்னக் கரண்டை வைத்து செல்ஃப் மோட்டாருக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) வரைக்கும் கரண்ட் வந்து சேரவில்லை. ஃப்யூஸ், சாவி, இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச், பிரேக் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், ஸ்டார்ட் பட்டன் என்று வரிசையாக நிற்கும் ஆட்களில் ஒருவர் வழியை மறித்திருக்கிறார். 'டக்' என்று ஒரே ஒரு தட்டு மட்டும் கேட்டால், ரிலே இழுக்கிறது, ஆனால் மோட்டாருக்குக் கரண்ட் போகவில்லை அல்லது போயும் மோட்டார் சுற்றவில்லை. 'டகடகடக' என்று வேகமாக அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, இல்லை டெர்மினல் லூஸ். மோட்டார் விர்ரென்று சுற்றி இன்ஜின் அசையாமல் இருந்தால் அது கரண்ட் கோளாறே இல்லை. இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் ஸ்பார்க் பக்கம் போக வேண்டும்.

உங்கள் வண்டி இதில் எந்த ரகம் என்று தெரிந்த பிறகு ஸ்பேனரை எடுங்கள். எடுத்த எடுப்பில் புது பேட்டரி, அது சரிவரவில்லை என்றால் புது ரிலே, அதுவும் இல்லையென்றால் செல்ஃப் மோட்டார் என்று வாங்கிக்கொண்டே போகிறவர்கள் நிறைய பேர். கடைசியில் எர்த் வயரின் போல்ட்டை முறுக்கியதும் வண்டி எடுத்துவிடும்.

இதற்கு மல்டிமீட்டர் கண்டிப்பாக வேண்டுமா?

வேண்டும். சில நூறு ரூபாய் டிஜிட்டல் மீட்டர் போதும். கூடவே ஒரு டெஸ்ட் லேம்ப்: பழைய பைக் இண்டிகேட்டர் ஹோல்டரில் 12 வோல்ட் பல்பு, இரண்டு வயர், நுனியில் கிளிப். சில இடங்களில் மீட்டரைவிட இந்த பல்புதான் உண்மையைச் சொல்லும். துருப்பிடித்த சுவிட்ச் வழியாக வரும் கரண்டை மீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும். பல்பை மாட்டினால் மினுக் மினுக்கென்று எரிந்து சாயம் வெளுத்துவிடும்.

பேட்டரி 12 வோல்ட் காட்டுகிறது. அப்படியென்றால் நல்ல பேட்டரிதானே?

இல்லை. இந்த ஒரு தப்புக் கணக்கால் வீணாகும் நேரம் கொஞ்சநஞ்சமில்லை. பெயர்தான் 12 வோல்ட் பேட்டரி. முழுச் சார்ஜில், சும்மா இருக்கும்போது 12.6 முதல் 12.8 வரை காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி. சரியாக 12.0 காட்டும் பேட்டரியில் கிட்டத்தட்ட கால்வாசிதான் மிச்சம். சார்ஜரைக் கழற்றிய உடனே அளக்கக் கூடாது, அப்போது பொய்யாக ஏற்றிக் காட்டும். சில மணி நேரம் விட்டு அளந்தால்தான் சரி.

அதையும்விட முக்கியமான அளவு, பட்டனை அமுக்கும்போது எடுப்பது. மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரி டெர்மினலில் வைத்துக்கொண்டு இன்னொருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். செல்ஃப் சுற்றும் நேரத்தில் 10 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றால் பரவாயில்லை. 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். 12.6 காட்டிய பேட்டரி பட்டனை அமுக்கியதும் 6-க்கோ 4-க்கோ விழுந்தால் உள்ளே ஒரு செல் போய்விட்டது. அதற்குச் சார்ஜ் போட்டுப் பயனில்லை.

அமுக்கும்போதும் 12.6 அப்படியே அசையாமல் நின்றால்? பேட்டரியிலிருந்து பெரிய கரண்ட் எதுவும் கிளம்பவே இல்லை என்று அர்த்தம். பேட்டரியை விட்டுவிட்டு வயர், ரிலே பக்கம் போங்கள். இந்த ஒரு சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இருந்தும் இதைச் செய்யாமலே பேட்டரி மாற்றுகிறார்கள்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் வண்டியின் பேட்டரி, சும்மா இருந்தாலும் வேகமாக இறங்கும். தண்ணீர் ஊற்றும் வகை என்றால் அளவும் சீக்கிரம் குறையும். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். போர்வெல் தண்ணீரின் உப்பு தகடுகளைக் கெடுத்துவிடும்.

'டகடகடக' என்று அடிக்கிறது. ரிலேதான் போய்விட்டது என்று மெக்கானிக் சொல்கிறார்.

பெரும்பாலும் ரிலேமேல் தப்பு இருக்காது. அந்தச் சத்தம் எப்படி வருகிறது என்று பார்த்தால் புரியும். ரிலேக்குள் இருக்கும் சின்ன காயிலுக்கு 3 ஆம்பியர் வாக்கில் போதும், இறங்கிப்போன பேட்டரியும் அதைக் கொடுத்துவிடும். ரிலே இழுத்து மோட்டாரை இணைக்கிறது. மோட்டார் கேட்பது பல பத்து ஆம்பியர், பெரிய இன்ஜினில் 100-ஐயும் தாண்டும். உடனே வோல்டேஜ் சரிந்து காயில் பிடியை விடுகிறது. விட்டதும் சுமை போய் வோல்டேஜ் ஏற, மறுபடியும் இழுக்கிறது. லோ வோல்டேஜில் கிணற்று மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

ஆக, ரிலே தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. முதலில் டெர்மினல் போல்ட் இரண்டையும் கழற்றி, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இறுக்கி மாட்டுங்கள். அடுத்து பேட்டரியை முழுச் சார்ஜ் போடுங்கள். அதற்குப் பிறகும் அதே சத்தம் என்றால் மேலே சொன்ன அமுக்கிப் பார்க்கும் சோதனை.

ஒரே ஒரு 'டக்'. பேட்டரி புதிது. அடுத்து என்ன?

எர்த். அதற்கப்புறமும் எர்த். அதன் பிறகு மற்றது.

பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு தடித்த வயர் சேசிஸுக்கோ இன்ஜினுக்கோ போய் ஒரு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். திருமங்கலம், கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் ஓடும் வண்டியில் அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். ஈரத்தில் அப்பிய கரிசல், காய்ந்தபின் கல் மாதிரி ஒட்டிக்கொண்டு அடுத்த மழை வரை ஈரத்தை உள்ளேயே வைத்திருக்கும். போல்ட்டுக்கு அடியில் துரு ஏறுவது வெளியே தெரியாது. சின்ன சீன வண்டிகளில் இன்னொரு கூத்து: பெயிண்ட் அடித்த சேசிஸின் மேலேயே எர்த் லக்கை (வயர் நுனியில் இருக்கும் உலோக வளையம்) வைத்து முறுக்கியிருப்பார்கள். புதிதில் போல்ட்டின் மரை வழியாகக் கரண்ட் போய்விடும். மரை துருப்பிடித்ததும் தொல்லை தொடங்கும்.

மீட்டரை ஓம் நிலையில் வைத்து எர்த்தை அளந்தால் இது பிடிபடாது. 0.05 ஓம் எதிர்ப்பைச் சாதாரண மீட்டர் பூஜ்யம் என்றே சொல்லும். ஆனால் 50 ஆம்பியர் ஓடும்போது அந்த 0.05 ஓம் இரண்டரை வோல்ட்டைத் தின்றுவிடும். அதனால் கரண்ட் ஓடும்போதுதான் அளக்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலேயே வையுங்கள், மேலே மாட்டிய லக்கில் அல்ல. இன்னொரு முனை இன்ஜின் உடம்பில், பெயிண்ட் இல்லாத இடத்தில். இப்போது ஸ்டார்ட் பட்டனை அமுக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட் என்றால் கவலையில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பாதையில் கோளாறு, லக்கைக் கழற்றிப் பளபளவென்று உலோகம் தெரியும்வரை சுரண்டி மாட்டுங்கள். மாட்டிய பிறகு மேலே கொஞ்சம் வாசலினோ கிரீஸோ தடவினால் ஈரம் இறங்காது.

பாசிட்டிவ் பக்கமும் இதே மாதிரிதான். பேட்டரி பாசிட்டிவ் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டாரின் போல்ட்டுக்கும் இடையே, அமுக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் ரிலேயின் இரண்டு தடித்த போல்ட்டுகளுக்கு நடுவே மட்டும் தனியாக அளந்து பாருங்கள். பெரும்பகுதி அங்கே விழுந்தால் ரிலேயின் உள் காண்டாக்ட் கருகியிருக்கிறது. ரிலே மாற்ற வேண்டிய நேரம் அதுதான்.

இரண்டு பக்கமும் சுத்தம், பேட்டரியும் சுத்தம், மோட்டார் போல்ட்டில் கரண்ட் வருகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது பிரஷ் தன் கூட்டில் சிக்கியிருக்கும். மோட்டார்மேல் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே அமுக்கிப் பாருங்கள். சுற்றிவிட்டால் பிரஷ்தான். தட்டியே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள், அது வீட்டிலிருந்து தள்ளி நிற்கும் நாளில்தான் கைவிடும்.

சாவி போட்டால் விளக்கே எரியவில்லை.

மெயின் ஃப்யூஸ். பேட்டரிக்கு அருகிலோ ஸ்டார்ட்டர் ரிலேயின் தலையிலோ இருக்கும். சின்ன வண்டியில் 10 அல்லது 15 ஆம்பியர், பெரிய வண்டியில் 20, 30. கண்ணால் பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய வேண்டாம். கழற்றி மீட்டரில் பாருங்கள். ஃப்யூஸ் ஹோல்டரின் பற்கள் உருகியோ பச்சையாகவோ இருக்கின்றனவா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அண்ணே, ஃப்யூஸ் மாற்றினால் அடுத்த நாளே போய்விடுகிறது. பெரிய ஃப்யூஸ் போடலாமா?

கூடவே கூடாது. கம்பி சுற்றுவதும் கூடாது. 15 ஆம்பியர் ஃப்யூஸ் போகிறது என்றால் எங்கோ ஒரு வயர் வண்டியின் உடம்பைத் தொடுகிறது. 30 போட்டால் ஃப்யூஸுக்குப் பதில் வயர் எரியும். பெட்ரோல் டேங்க்கிற்கு அடியில்தான் அந்த வயர் போகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

நம் பக்கத்தில் இதற்கு முதல் குற்றவாளி எலி. கடலை மூட்டையும் தேங்காயும் கிடக்கும் கொட்டகையில் வண்டியை நிறுத்தினால் சீட்டுக்கு அடியில் கூடு கட்டி, வயரின் தோலைக் கொறித்துவிடும். அடுத்து, ஹேண்டில் திரும்பும் இடத்தில் வயர் நசுங்குவது. மூன்றாவது, சைலன்சரைத் தொட்டு உருகுவது. ஃப்யூஸ் இருக்கும் இடத்தில் ஃப்யூஸுக்குப் பதிலாக டெஸ்ட் லேம்பை மாட்டிக்கொள்ளுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு பளிச்சென்று எரியும். பிறகு வயர் கட்டை ஒவ்வொரு இடமாக அசைத்து, கப்ளர்களை (வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்புகள்) ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எங்கே பல்பு மங்குகிறதோ அந்தக் கிளையில்தான் கோளாறு. இப்படிச் செய்தால் ஃப்யூஸும் வீணாகாது.

பிள்ளைகளுக்கு வாங்கிய 110 சிசி வண்டி. விளக்கு எரிகிறது, பட்டனை அமுக்கினால் சத்தமே இல்லை.

பிரேக் லீவரைப் பிடித்துக்கொண்டு அமுக்கினீர்களா? கிண்டலாகக் கேட்கவில்லை. இந்த ரக வண்டிகள் பலவற்றில் பிரேக்கைப் பிடித்தால்தான் ஸ்டார்ட்டர் ரிலேக்குக் கரண்ட் போகும். கியர் உள்ள வண்டியில் நியூட்ரலில் இருக்க வேண்டும். ஹேண்டிலில் சிவப்பு கில் சுவிட்ச் இருக்கும். அதோடு, பெற்றோர் நிறுத்துவதற்காகப் பின்னால் ஒரு கயிறு போட்ட சுவிட்ச்சும், சில வண்டிகளில் ரிமோட் பெட்டியும் உண்டு. கயிற்றின் நுனியில் இருக்கும் மூடி அந்தச் சுவிட்ச்சிலிருந்து கழன்று விழுந்திருந்தால் ஸ்பார்க் வராது. ரிமோட்டில் பூட்டு பட்டனைப் பிள்ளைகள் யாராவது அமுக்கியிருந்தாலும் அதே கதை.

இத்தனையும் சரியாக இருந்து, பிரேக்கைப் பிடித்தும் சத்தமில்லை என்றால் பின் விளக்கைப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் லீவருக்கு அடியில் இருக்கும் சின்னச் சுவிட்ச்தான் போயிருக்கும். மலிவான பொருள், மண் புகுந்தாலே நின்றுவிடும். கழற்றி ஊதி, காண்டாக்ட் கிளீனர் அடித்தால் பல சமயம் உயிர் வந்துவிடும்.

பாதுகாப்பு சுவிட்ச் எதையும் நிரந்தரமாகத் துண்டித்து வயரை நேராக இணைத்துக் கொடுத்துவிட வேண்டாம். கோளாறு கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் இணைத்துப் பார்ப்பது வேறு. பத்து வயதுப் பிள்ளை கியரில் இருக்கும்போதே பட்டனை அமுக்கி, வண்டி பாய்ந்து கிணற்று மேட்டில் ஏறுவது வேறு.

எந்தச் சுவிட்ச்சில் கரண்ட் நிற்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ரிலேயிலிருந்து பின்னோக்கி வாருங்கள். ரிலேயில் இரண்டு தடித்த வயர் தவிர மெல்லிய வயர் ஒன்றோ இரண்டோ இருக்கும். டெஸ்ட் லேம்பின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் மாட்டி, மறு முனையால் மெல்லிய வயரைத் தொட்டுக்கொண்டு பட்டனை அமுக்குங்கள். பல்பு எரிந்தும் ரிலே தட்டவில்லை என்றால் ரிலேயோ அதன் எர்த்தோ போயிருக்கிறது. எரியவில்லை என்றால் பட்டன், பிரேக் சுவிட்ச், கில் சுவிட்ச், சாவி என்று ஒவ்வொரு இடமாகப் பின்னால் போய்த் தொடுங்கள். எங்கே முதலில் எரிகிறதோ, அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில் கோளாறு.

ஒரு விஷயம் கவனியுங்கள். எல்லா வண்டியிலும் பட்டன் பாசிட்டிவைக் கொடுப்பதில்லை. சிலவற்றில் ரிலேக்குப் பாசிட்டிவ் எப்போதும் நிற்கும், பட்டன் எர்த்தைத்தான் கொடுக்கும். மெல்லிய வயர் இரண்டு இருந்து, பட்டனை அமுக்காமலே ஒன்றில் பல்பு எரிந்தால் அந்த வகை என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது டெஸ்ட் லேம்பைப் பாசிட்டிவில் மாட்டி, மற்ற வயரைத் தொட்டுக்கொண்டு பட்டனை அமுக்கிப் பார்க்க வேண்டும்.

நிறம் கொஞ்சம் உதவும். சீன 110 வண்டிகள் பலவற்றில் பச்சை எர்த், சிவப்பு பேட்டரி, கறுப்பு சாவி போட்ட பின் வரும் 12 வோல்ட், மஞ்சளில் சிவப்புக் கோடு ஸ்டார்ட்டர், கறுப்பில் வெள்ளைக் கோடு கில். கறுப்புதான் எர்த் என்று நினைத்துப் பழகிய கார் எலெக்ட்ரீஷியன்கள் இங்கேதான் ஃப்யூஸை ஊதிவிடுகிறார்கள். ஏற்கெனவே யாராவது கை வைத்த வண்டி என்றால் நிறத்தை நம்பாதீர்கள்.

ரிலேயின் இரண்டு போல்ட்டையும் ஸ்க்ரூடிரைவரால் இணைத்து ஸ்டார்ட் பண்ணலாமா?

எல்லோரும் செய்கிறார்கள். செய்வதாக இருந்தால் நியூட்ரல், பார்க்கிங் பிரேக், சக்கரத்துக்குக் கட்டை, பெட்ரோல் ஒழுகல் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வண்டியின் முன்னால் நிற்காமல் செய்யுங்கள். இப்படி இணைக்கும்போது எல்லாப் பாதுகாப்பு சுவிட்ச்சையும் தாண்டிவிடுகிறீர்கள், கியரில் இருந்தாலும் வண்டி கிளம்பும். தீப்பொறி பறக்கும், மோதிரமோ கைச்சங்கிலியோ இருந்தால் கழற்றி வையுங்கள். இணைத்ததும் மோட்டார் சுற்றினால் பேட்டரியும் மோட்டாரும் நல்லவை, ரிலேயோ அதற்கு வரும் சின்ன வயரோதான் பிரச்சினை.

செல்ஃப் மோட்டார் சத்தமாகச் சுற்றுகிறது, இன்ஜின் சுற்றவில்லை.

மோட்டாரின் சுற்றை இன்ஜினுக்குக் கடத்தும் ஒன்வே கிளட்ச் அல்லது பெண்டிக்ஸ் பல்சக்கரம். மேக்னட் (இன்ஜினோடு சுற்றிக் கரண்ட் உண்டாக்கும் காந்தச் சக்கரம்) கவரைக் கழற்ற வேண்டிய மெக்கானிக் வேலை. இதற்கு வயரிங்கைப் பிரிக்க விடாதீர்கள்.

இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. சிடிஐ மாற்றச் சொல்கிறார்கள்.

ஸ்பார்க்கை அடிக்கவைக்கும் எலெக்ட்ரானிக் பெட்டிதான் சிடிஐ. அதன்மேல் பழி போடுவது சுலபம், ஏனென்றால் அதைத் திறந்து பார்க்க முடியாது. அதை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

முதலில் ஸ்பார்க். பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, பிளக்கின் உலோக உடம்பு இன்ஜினை அழுத்தமாகத் தொடும்படி வைத்துச் சுற்றுங்கள். பிளக் ஓட்டைப் பக்கம் வைக்க வேண்டாம், உள்ளிருந்து பெட்ரோல் ஆவி வரும். எர்த் படாமல் தொங்கவிட்டுச் சுற்றுவதும் சிடிஐக்கு நல்லதில்லை. நீல நிறத்தில் பட் பட் என்று அடித்தால் ஸ்பார்க் நன்றாக இருக்கிறது, பெட்ரோல் பக்கம் போங்கள். பிளக் நனைந்திருந்தால் புது பிளக் போட்டுப் பார்ப்பதே மலிவான வழி. சின்ன வண்டிகளில் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ.

ஸ்பார்க் இல்லை என்றால், சிடிஐக்கு வரும் கில் வயரைப் பாருங்கள். இதில் இரண்டு வகை உண்டு. ஏசி வகையில் மேக்னட்டுக்குள் இருக்கும் தனிக் காயில் சிடிஐக்கு நேராகக் கரண்ட் தரும், பேட்டரி தேவையில்லை. அதில் கில் சுவிட்ச் அந்த வயரை எர்த்தில் தொடவைத்துத்தான் இன்ஜினை நிறுத்தும். அதனால் கறுப்பு-வெள்ளை வயர் எங்காவது தோல் உரிந்து சேசிஸைத் தொட்டாலே ஸ்பார்க் போய்விடும். அந்த ஒரு வயரை சிடிஐயில் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள். ஸ்பார்க் வந்தால் சிடிஐ நல்லது, வயரைத் தேடுங்கள். இந்தச் சோதனையில் இன்ஜின் பிடித்துவிட்டால் சாவியில் நிற்காது, சோக் போட்டோ பெட்ரோலை அடைத்தோதான் நிறுத்த வேண்டும். டிசி வகையில் கதை வேறு. சாவி வழியாக வரும் 12 வோல்ட் சிடிஐ வரை வருகிறதா என்று டெஸ்ட் லேம்பால் பார்க்க வேண்டும்.

சிடிஐ வாங்கும்போதும் இந்த வித்தியாசம்தான் தலைவலி. கப்ளர் ஒன்றுபோல இருக்கும், உள்ளே வேறு வகையாக இருக்கும். மாற்றி மாட்டினால் ஸ்பார்க் வராது, சில சமயம் புதுப் பெட்டியும் சேர்ந்து போகும். பழைய பெட்டியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.

பிளக் கேப்பை மறந்துவிடாதீர்கள். மரை மாதிரி திருகிக் கழற்றி, பிளக்குக்கு வரும் தடித்த எச்டி வயரின் நுனியை அரை சென்டிமீட்டர் வெட்டி மறுபடி திருகி மாட்டினால் ஸ்பார்க் திரும்பி வரும் வண்டிகள் உண்டு.

கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன் வண்டி என்றால் சாவி போட்டதும் இரண்டு மூன்று விநாடி பெட்ரோல் பம்ப் உறுமும். அந்தச் சத்தம் இல்லையென்றால் பம்ப் ஃப்யூஸ், ரிலே. பேட்டரி மிகவும் இறங்கியிருந்தாலும் செல்ஃப் மெதுவாகச் சுற்றும், ஆனால் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது, அதனால் பிடிக்காது.

காலையில் எடுக்கிறது. ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்தினால் எடுப்பதில்லை. ஆறினால் மறுபடி எடுக்கிறது.

சூடான நேரத்திலேயே சோதிக்க வேண்டும், ஆறிய பிறகு எல்லாமே நன்றாகத்தான் காட்டும். அப்போது செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால் பிரஷ் தேய்ந்த மோட்டார், அல்லது எர்த். நன்றாகச் சுற்றியும் ஸ்பார்க் இல்லை என்றால் ஸ்பார்க் அடிக்க வேண்டிய நேரத்தை சிடிஐக்குச் சொல்லும், மேக்னட் பக்கத்துப் பல்சர் காயில். சூட்டில் அதன் மெல்லிய கம்பி உள்ளே விலகி, ஆறியதும் சேர்ந்துகொள்ளும். ஸ்பார்க்கும் இருந்து பிடிக்கவில்லை என்றால் வால்வு இடைவெளி குறைந்திருக்கலாம். அது எலெக்ட்ரீஷியன் வேலை இல்லை.

மழைத் தண்ணீரில் ஓட்டிய பிறகு எடுக்கவில்லை. வாட்டர் வாஷ் செய்த பிறகும் ஒருமுறை இப்படி ஆனது.

மழையைவிட வாட்டர் வாஷ் மோசம். ஐப்பசி, கார்த்திகை மழை மேலிருந்து விழுகிறது. அழுத்தத் தண்ணீரோ கப்ளருக்குள்ளும் சுவிட்ச்சுக்குள்ளும் புகுத்தப்படுகிறது. ஹேண்டில் சுவிட்ச், பேட்டரி பெட்டி, பிளக் கேப், ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் கப்ளர் கும்பல், இந்த நாலு இடத்துக்கும் குழாயைக் காட்டாதீர்கள். நனைந்துவிட்டால் சும்மா சும்மா பட்டனை அமுக்காமல், கப்ளர்களைப் பிரித்து வெயிலில் அரை நாள் விடுங்கள். வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

கிளட்ச் லீவர் உள்ள வண்டி என்றால் முடியும். பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக் வண்டியிலும், கிளட்ச் லீவர் இல்லாத சின்ன வண்டியிலும் முடியாது. இன்ஜின் வேகம் எடுத்தால்தான் அவற்றின் கிளட்ச் பிடிக்கும். நாலு பேர் சேர்ந்து வியர்க்க வியர்க்கத் தள்ளினாலும் சக்கரம்தான் சுற்றும்.

கார் பேட்டரியிலிருந்து வயர் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், இரண்டுமே 12 வோல்ட் என்றால். கார் இன்ஜின் ஓடக் கூடாது. முதலில் பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ், பிறகு காரின் நெகட்டிவிலிருந்து குவாட் பைக்கின் இன்ஜின் உடம்புக்கு. கடைசி இணைப்பைப் பேட்டரிமேல் கொடுக்காததற்குக் காரணம், தீப்பொறி பேட்டரி வாயுவின் பக்கம் போகாமல் இருக்க. டிராக்டர் பேட்டரி சார்ஜரை இந்தச் சின்ன பேட்டரிக்குப் போடாதீர்கள். 7 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 0.7 ஆம்பியர் வாக்கில், அதாவது பத்தில் ஒரு பங்கு கரண்ட் போதும்.

பத்து நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது. மூன்றாவது பேட்டரி இது.

இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: ஓடும்போது ஏறுகிறதா, நிற்கும்போது ஒழுகுகிறதா?

ஏறுவதைப் பார்க்க, இன்ஜினை ஓடவிட்டு பேட்டரியில் அளந்து பாருங்கள். ஆக்சிலேட்டர் கொடுத்து 3,000 சுற்றுக்கு மேல் போகும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். நிற்கும்போது இருந்த அளவே இருந்தால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது, அது பேட்டரியைக் கொதிக்கவைத்துக் கொன்றுகொண்டிருக்கிறது. ஸ்டேட்டரிலிருந்து (மேக்னட்டுக்குள் கரண்ட் உண்டாக்கும் காயில்கள்) மூன்று மஞ்சள் வயர் வரும் வண்டியில், கப்ளரைக் கழற்றி இரண்டிரண்டாக ஏசி வோல்ட் அளந்தால் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டு, எந்த மஞ்சளுக்கும் உடம்புக்கும் தொடர்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், இருக்கக் கூடாது.

ஒழுகுவதைப் பார்க்க, சாவியை எடுத்துவிட்டு நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் மாட்டுங்கள். இந்த நிலையில் ஸ்டார்ட் பட்டனைத் தொட்டால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். சில மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் எதுவோ குடிக்கிறது. 20 மில்லி ஆம்பியர் கேட்பதற்குச் சின்னதாக இருக்கும், ஆனால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட அரை ஆம்பியர்-அவர். 5 ஆம்பியர்-அவர் பேட்டரியைப் பத்து நாளில் காலி செய்ய அது போதும். பெரும்பாலும் ரிமோட் அலாரம் பெட்டிதான் ஆள், அல்லது சாவிக்கு வெளியே இணைத்த எல்இடி விளக்கு. பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் மட்டும் ஓடும் வண்டி என்றால் நெகட்டிவைக் கழற்றிவைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள்.

நம்மால் முடியவில்லை. டவுனுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால்?

இந்த வண்டிகள் பெரும்பாலும் ரோட்டில் ஓட்டப் பதிவு ஆகாதவை, அதனால் ஓட்டிக்கொண்டோ கட்டி இழுத்துக்கொண்டோ போகாதீர்கள். சின்ன லோடு வண்டியில் ஏற்றி, நாலு மூலையிலும் கட்டி, பார்க்கிங் பிரேக் போட்டு, பெட்ரோலை அடைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி அனுப்புங்கள். நீங்கள் அளந்த எண்களை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்: சும்மா இருக்கும்போது எவ்வளவு, அமுக்கும்போது எவ்வளவு, எர்த்தில் எவ்வளவு, என்ன சத்தம். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.